எப்சம் உப்பு: தக்காளி முதல் தென்னை வரை எப்போது, எவ்வளவு, எப்படி?

பாலக்கோட்டிலோ ராயக்கோட்டையிலோ உரக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இதைப் பார்க்கலாம். ஒருவர் தக்காளி இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து, "ண்ணா, கீழ் இலையெல்லாம் மஞ்சக் கட்டுது, என்ன அடிக்கலாம்?" என்று கேட்பார். கடைக்காரர் இலையைப் பார்த்தும் பார்க்காமலும், "மெக்னீசியம் அடிச்சுப் பாருங்க, தப்பில்ல" என்று ஒரு கிலோ பாக்கெட்டை எடுத்து மேசையில் வைப்பார். விலையும் குறைவு, விஷமும் கிடையாது, அடித்தால் பயிர் கருகிப்போகாது என்ற தைரியமும் இருக்கிறது. வாங்குகிறவரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

எப்சம் உப்பு என்கிற மெக்னீசியம் சல்பேட் நல்ல உப்பு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் சத்து குறைந்த இடத்தில்தான் அது வேலை செய்யும். குறையாத இடத்தில் போட்டால் காசு போவதோடு, சில பயிர்களில் புதுத் தொல்லையும் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போர் தண்ணீரை நம்பி வெள்ளாமை செய்கிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏன் என்பது தண்ணீரைப் பற்றிய பகுதியில் வரும்.

முதலில் இது என்ன பொருள்

கடையில் எப்சம் சால்ட், மெக்னீசியம் சல்பேட், மெக் சல்பேட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கிடைப்பது ஒன்றுதான். பெரியவர்கள் பேதி உப்பு என்பார்கள். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் ஊற்று நீரைக் காய்ச்சி எடுத்ததால் அந்தப் பெயர். 1695ல் நெகேமியா குரூ என்ற மருத்துவர் இந்தக் கசப்பு உப்பைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

நமக்கு மெக்னீசியம் தூரத்துச் சரக்கு இல்லை. தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர் தாண்டி, கருப்பூர் பக்கம் போகும்போது தெரியும் வெள்ளைக் கரட்டில் இருப்பது மேக்னசைட் என்ற மெக்னீசியம் கார்பனேட் தாது. அந்த மாதிரித் தாதுவைக் கந்தக அமிலத்தில் கரைத்துப் படிகமாக்கினால் இந்த உப்பு வரும். கடல் உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரிலிருந்தும் எடுக்கலாம்.

படிகத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஏழு நீர் மூலக்கூறுகள் பிணைந்திருக்கின்றன. எடை போட்டால் பாதிக்குச் சற்று மேல் தண்ணீர்தான். மொத்த எடையில் மெக்னீசியம் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, கந்தகம் சுமார் 13 சதவீதம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மூட்டையில் குறைந்தது 9.6 சதவீதம் மெக்னீசியமும் 12 சதவீதம் கந்தகமும் இருக்க வேண்டும். ஒரு கிலோ வாங்கினால் கைக்கு வரும் மெக்னீசியம் 96 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் இந்த எண்தான் அடிப்படை.

தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். சாதாரணச் சூட்டில் ஒரு லிட்டரில் அரைக் கிலோவுக்கு மேல் கரைந்துவிடும். கரையும்போது தண்ணீர் லேசாகக் குளிரும். மண்ணின் கார அமில நிலையை இது ஏற்றாது, இறக்காது. களர் நிலத்தைத் திருத்த இதை வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த வேலைக்கு ஜிப்சம் இருக்கிறது.

படி 1: சரியான பொருளை வாங்குதல்

வயலுக்கு என்றால் உரத் தரத்தில் 25 கிலோ அல்லது 50 கிலோ மூட்டை போதும். மாடித் தோட்டத்துக்கு என்று படம் போட்டு விற்கும் சின்னப் பாக்கெட்டுகளிலும் இதே உப்புதான், கிலோ விலை மட்டும் பல மடங்கு. மூட்டையில் மெக்னீசியம், கந்தகச் சதவீதம், உற்பத்தியாளர் பெயர், தயாரித்த மாதம் இருக்கிறதா பாருங்கள். பில் வாங்குங்கள்.

குழப்பம் வரும் இடம் ஜிங்க் சல்பேட், அதாவது துத்தநாக உப்பு. இரண்டும் வெள்ளைப் படிகம், கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். ஜிங்க் சல்பேட்டின் விலை அதிகம் என்பதால் அதில் மெக்னீசியம் சல்பேட்டைக் கலந்து விற்பது பழைய ஏமாற்று. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் ஒரு ஸ்பூன் டிஏபி உரத்தைக் கரைத்து, துணியில் வடிகட்டித் தெளிவாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டம்ளரில் சந்தேகப்படும் உப்பைக் கரையுங்கள். இரண்டையும் சேருங்கள். ஜிங்க் சல்பேட்டாக இருந்தால் பால் திரிந்ததைப் போல வெள்ளையாகக் கெட்டிப்பட்டு நிற்கும். மெக்னீசியம் சல்பேட்டாக இருந்தால் உடனே அப்படித் திரளாது. இது கண்ணளவுச் சோதனைதான். வழக்கு, புகார் என்று போவதானால் மாதிரியை உரப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

படி 2: இலையைப் படித்தல்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம்.

இலையின் பச்சையத்தில், ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. சத்து குறைந்தால் பச்சை வெளுக்கும் என்பது இதனால்தான். ஆனால் எந்த இலையில் வெளுக்கிறது என்பதுதான் முக்கியம். மெக்னீசியம் செடிக்குள் நடமாடும் சத்து. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவி, கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைகளில்தான் முதலில் தெரியும். நரம்பு பச்சையாக இருக்கும், நரம்புக்கு நடுவே மஞ்சளாகும். முற்றினால் அந்த மஞ்சள் இடம் பழுப்பாகிக் காயும், பருத்தியில் செந்நிறம் ஏறும்.

நுனிக் கொழுந்து இலைகள் நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் என்று இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. இரும்பு செடிக்குள் நகராது, அதனால் புது இலையில் காட்டும். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் இது சாதாரணம். காவேரிப்பட்டணம் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் கொழுந்து வெளுத்து நிற்பதைப் பார்த்து மெக்னீசியம் அடிப்பவர்கள் உண்டு. அங்கே வேண்டியது இரும்பு சல்பேட் 0.5 சதவீதக் கரைசல்.

அடி இலை நரம்போடு சேர்த்து முழுவதும் சீராக மஞ்சளானால் தழைச்சத்தைச் சந்தேகப்படுங்கள். அடி இலையின் ஓரம் மட்டும் கருகி உள்நோக்கி வந்தால் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ். மரவள்ளியில் கொழுந்து இலை கோணி, திட்டுத் திட்டாக மஞ்சளாக நின்றால் அது தேமல் நோய், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். எந்த உப்பும் அதைத் தீர்க்காது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மரவள்ளி போடுகிறவர்கள் நோயில்லாத கரணையைத் தேடுவதில் காட்டும் அக்கறைதான் அங்கே மருந்து. தக்காளியிலும் வெள்ளை ஈ பரப்பும் சில வைரஸ்கள் அடி இலையில் மெக்னீசியக் குறை போலவே மஞ்சள் காட்டும். அந்த இலைகள் தடித்து, மடக்கினால் முறுக்கென்று ஒடியும். இலையின் அடிப்பக்கம் புரட்டி வெள்ளை ஈ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தென்னையில் அடி மட்டைகளைப் பாருங்கள். கீற்றின் நுனியும் ஓரமும் மஞ்சளாகி, நடு ஈர்க்கை ஒட்டிய பகுதி பச்சையாகவே இருந்தால் மெக்னீசியக் குறை. வெயில் நேராகப் படும் பக்கம் மஞ்சள் அதிகமாகவும், நிழல் விழும் பக்கம் குறைவாகவும் இருக்கும். எலுமிச்சையில் இலையின் காம்புப் பக்கம் கவிழ்த்த ‘வி’ போல ஒரு பச்சை ஆப்பு மிஞ்சும், சுற்றி மஞ்சள்.

இன்னொன்று. தக்காளியில் காய் நிறைந்து நிற்கும்போது தரையை ஒட்டிய நாலைந்து இலை பழுப்பது வயதானதால். அதற்கு வைத்தியம் தேவையில்லை, கிள்ளிப் போட்டால் காற்றோட்டமாவது வரும்.

படி 3: தண்ணீரையும் மண்ணையும் பார்த்தல்

மண்வள அட்டை கையில் இருக்கிறதே என்பீர்கள். அந்த அட்டையில் உள்ள 12 அளவுகளில் மெக்னீசியம் இல்லை. தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து இவ்வளவுதான். மெக்னீசியமும் கால்சியமும் வேண்டுமென்றால் பரிசோதனைக் கூடத்தில் தனியாகக் கேட்க வேண்டும். மண் மாதிரி கொடுக்கும்போதே ஒரு லிட்டர் பாட்டிலில் போர் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு போங்கள். மோட்டார் போட்டு பத்து நிமிடம் ஓடிய பிறகு பிடித்த தண்ணீராக இருக்கட்டும்.

தண்ணீர் ஏன் என்றால், நம் பாறைப் பூமியில் போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது, டிரிப்பர் அடைக்கும். அந்தக் கடினத்தன்மையே கால்சியமும் மெக்னீசியமும்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மெக்னீசியத்துக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 100 வரை அனுமதிக்கலாம் என்றும் வைத்திருக்கிறது.

உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் மெக்னீசியம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கைப் போடுவோம். கோடையில் ஒரு ஏக்கர் சொட்டுநீர்த் தக்காளிக்கு ஒரு நாளைக்கு 20,000 லிட்டர் போகிறது, அதாவது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். 20,000 லிட்டரை 50 மில்லிகிராமால் பெருக்கினால் ஒரு கிலோ மெக்னீசியம். அதே ஒரு கிலோவை எப்சம் உப்பாகக் கடையில் வாங்க வேண்டுமென்றால் பத்து கிலோவுக்கு மேல் ஆகும். மோட்டார் ஓடும் ஒவ்வொரு நாளும் பத்து கிலோ உப்பு தானாக வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் ஒரு கிலோ பாக்கெட்டை வாங்கி வேரில் ஊற்றி என்ன ஆகப்போகிறது?

அறிக்கையில் மெக்னீசியம் மில்லிகிராமில் இல்லாமல் மெக்னீசியக் கடினத்தன்மை என்று இருந்தால் அந்த எண்ணை நாலால் வகுங்கள், தோராயமாக மெக்னீசியம் வந்துவிடும். மில்லி ஈக்விவலண்ட் என்று இருந்தால் 12ஆல் பெருக்குங்கள்.

தண்ணீரில் மெக்னீசியம் இருந்தும் இலையில் குறை தெரிகிறதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேர் மெக்னீசியத்தை எடுக்கும் வழியில் பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் மூன்றும் போட்டிக்கு நிற்கின்றன. காய் பிடிக்கும் நேரத்தில் கலர் வரட்டும், எடை வரட்டும் என்று பதிமூணு சைபர் நாற்பத்தஞ்சு (13-0-45), சைபர் சைபர் அம்பது (0-0-50) என்ற பொட்டாஷ் உரங்களை வாரா வாரம் விட்டால், மண்ணில் மெக்னீசியம் இருந்தும் செடிக்குப் போகாது. அங்கே முதல் வைத்தியம் பொட்டாஷைக் குறைப்பது. தொட்டால் வழியும் ஈரத்தில் நிற்கும் வேரும் இப்படித்தான், சத்து இருந்தும் உறிஞ்சாது. அந்த இடைக்காலத்தில் இலைவழித் தெளிப்பு கை கொடுக்கும்.

குறை உண்மையாகவே வரக்கூடிய இடங்கள்: கடினமில்லாத ஏரி நீரிலோ மானாவாரியாகவோ பயிர் செய்யும் மணல் சார்ந்த செம்மண், பல வருடம் தொழு உரம் காணாமல் ரசாயன உரத்திலேயே ஓடும் நிலம், பொட்டாஷ் அதிகம் விட்ட தோட்டம், மழைநீரைச் சேமித்து விடும் பசுமைக்குடில். மண்ணின் கார அமில நிலை 6க்குக் கீழே இருந்தால் எப்சம் உப்பை விட டோலமைட் என்ற மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல் தூள் நல்லது. மெக்னீசியமும் கிடைக்கும், புளிப்பும் குறையும், பல வருடம் நிற்கும்.

படி 4: கரைசல் கலந்து தெளித்தல்

இலைவழிக்கு 1 சதவீதம் என்பது பொதுவான அளவு. லிட்டருக்கு 10 கிராம். 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம், 16 லிட்டர் பேட்டரி டேங்குக்கு 160 கிராம், ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடித்தால் 2 கிலோ. நாற்றுக்கும் பசுமைக்குடில் இளங்கொழுந்துக்கும் பாதி அளவு, லிட்டருக்கு 5 கிராம் போதும்.

கைப்பிடி, மூடி என்று அளக்காதீர்கள். சமையலறைத் தராசு ஒன்று தோட்டத்தில் இருந்தால் பல வருடத்துக்கு ஆகும். அவசரத்துக்கு, தலை தட்டிய மேசைக்கரண்டி ஒன்று ஏறக்குறைய 12 முதல் 15 கிராம் பிடிக்கும்.

முதலில் ஒரு வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீர் எடுத்து, நிறுத்த உப்பைப் போட்டுக் குச்சியால் கலக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்துவிடும். அடியில் மண், கசடு நின்றால் துணியில் வடிகட்டுங்கள். உரத் தரத்தில் கொஞ்சம் கசடு இருப்பது வழக்கம், அதை அப்படியே ஊற்றினால் நாசில் அடைக்கும். டேங்கில் முக்கால் வரை தண்ணீர் விட்டு, இந்தக் கரைசலைச் சேர்த்து, நிரப்பிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒட்டும் திரவம், லேபிளில் சொன்ன அளவு.

காலை 9 மணிக்குள்ளோ மாலை 4 மணிக்குப் பிறகோ அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் நீர் உடனே ஆவியாகி உப்பு இலைமேல் படிந்து நிற்கும், ஓரம் கருகும். அடி இலைகளின் இரண்டு பக்கமும் நனைய வேண்டும். மழை வரும்போல இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

10 முதல் 15 நாள் இடைவெளியில் மூன்று தடவை போதும். ஏற்கெனவே காய்ந்த திட்டு திரும்பப் பச்சையாகாது. மஞ்சள் மேல் இலைகளுக்கு ஏறாமல் நின்றதா என்பதுதான் அளவுகோல். மூன்று தெளிப்புக்குப் பிறகும் மஞ்சள் மேலே ஏறினால் நீங்கள் பார்த்தது மெக்னீசியக் குறை இல்லை. நிறுத்திவிட்டு, செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள். வேர் முடிச்சு நூற்புழுவாகக்கூட இருக்கலாம்.

தெளிப்பில் போகும் சத்து எவ்வளவு தெரியுமா? 2 கிலோ உப்பில் 192 கிராம். பசிக்குக் கொடுக்கும் ஒரு வாய்தான் அது. மண்ணில் உண்மையாகவே குறை என்றால் அடியிலும் இட வேண்டும்.

படி 5: மண்ணில் இடுதல்

காய்கறிக்கும் மரவள்ளிக்கும் ஏக்கருக்கு 10 முதல் 25 கிலோ, பரிசோதனை அறிக்கையைப் பொறுத்து. ஈரமிருக்கும்போது தூரிலிருந்து கொஞ்சம் தள்ளி இட்டு, மண் அணைத்து, தண்ணீர் விடுங்கள். மணல் பாங்கான நிலத்தில் ஒரே தடவையாகப் போட்டால் அடியே இறங்கிவிடும், இரண்டாகப் பிரியுங்கள்.

தென்னைக்கு மரத்துக்கு வருடம் 500 கிராம். பருவமழை தொடங்கி மண் நனைந்த பிறகு, தூரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வட்டப்பாத்தியில் தூவி, கொத்தி மூடுங்கள். மற்ற உரங்களோடு தொழு உரமும் சேர்ந்து போகட்டும். தென்னையில் பலனை அடுத்த மாதமே தேட வேண்டாம். மஞ்சளான மட்டைகள் விழுந்து, புதிதாக வருபவை பச்சையாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு வருடமாவது ஆகும்.

மாமரத்தில் இதற்கு அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான். கிருஷ்ணகிரி பக்கம் பெங்களூரா தோப்புகளில் பிஞ்சு கொட்டுவதற்குக் காரணம் ஈரக் குறைவு, தத்துப்பூச்சி, சாம்பல் நோய் என்று வேறு பல இருக்கின்றன. அடி இலையில் குறி இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசுக்குத் தொழு உரம் வாங்குங்கள்.

நிலக்கடலைக்குக் கந்தகத்துக்காக இதைப் போட நினைத்தால், வேண்டாம். அங்கே காய் கெட்டிப்படக் கால்சியமும் சேர்ந்து தேவை, ஜிப்சம்தான் பொருத்தம். பட்டுப்புழுவுக்கான மல்பெரியில் குறை தெரிந்தால் மண்ணில் இடுவதையே நான் சொல்வேன். புழுவுக்குப் போகும் இலைமேல் உப்பு படிவதை எதற்கு வரவழைக்க வேண்டும்?

ஓசூர் பக்கத்து ரோஜாக் குடில்களில் சொட்டுநீரில் கலந்தே விடுகிறார்கள். 1,000 லிட்டருக்கு 250 கிராம் போட்டால் சுமார் 24 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 24 மில்லிகிராம் மெக்னீசியம் சேரும். தண்ணீரில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துவிட்டுப் போடுங்கள். தண்ணீரிலேயே 40 இருந்தால் போட வேண்டியதே இல்லை.

தக்காளிக் காயின் அடி அழுகினால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். காயின் அடிப்பாகம் கறுத்து, தோல் உள்வாங்கி, பெட்டி பெட்டியாகக் கழிவுக்குப் போகும். வெயில் ஏறும் மாதங்களில் பாலக்கோடு வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. இதற்கு எப்சம் உப்பு ஊற்றச் சொல்லும் காணொளிகள் நிறைய வருகின்றன. தவறான யோசனை. அது காய்க்குக் கால்சியம் போய்ச் சேராத கோளாறு. மெக்னீசியம் வேரில் கால்சியத்தோடு போட்டி போடுவதால் நிலைமை இன்னும் கெடும்.

பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாமல் இது வருவதில்லை. இரண்டு நாள் காய விட்டு மூன்றாம் நாள் வெள்ளம் பாய்ச்சுவதால் வருகிறது. கால்சியம் நீரோட்டத்தோடு மட்டும் காய்க்குப் போகும், ஓட்டம் விட்டு விட்டு நடந்தால் காயின் கடைசி முனைக்கு எட்டாது. ஒரே சீராகத் தண்ணீர் விடுங்கள், மூடாக்கு போடுங்கள், யூரியாவையும் பொட்டாஷையும் இறக்குங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் கால்சியம் நைட்ரேட். அதையும் எப்சம் உப்பையும் ஒரே டேங்கில் போடாமல்.

படி 6: எதோடு சேராது

கால்சியம் நைட்ரேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் கெட்டியான கரைசலாகச் சந்தித்தால் ஜிப்சம் உண்டாகிப் படியும். டிரிப்பர் லைன் அடைத்தால் அமிலம் விட்டும் லேசில் போகாது. அதனால்தான் குடில்காரர்கள் ஏ டேங்க், பி டேங்க் என்று பிரித்து வைக்கிறார்கள். உங்களிடம் உரத்தைக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும் வென்சூரி ஒன்றுதான் இருக்கிறது என்றால் நாளைப் பிரியுங்கள். இன்று கால்சியம், இரண்டு நாள் கழித்து இது.

பன்னிரண்டு அறுபத்தொண்ணு (12-61-0) போன்ற மணிச்சத்து உரங்களோடு கெட்டியாகக் கலந்து ஊற வைத்தாலும் மணல் போல ஒரு படிவு இறங்கும், காரத் தண்ணீரில் சீக்கிரமே. பத்தொன்பது ஆல் என்ற 19-19-19 உரமும் அப்படித்தான், அதிலும் மணிச்சத்து இருக்கிறது. யூரியாவோடு சேரும். 1 சதவீத யூரியாவும் 1 சதவீத எப்சம் உப்பும் சேர்த்து அடிக்கலாம்.

பூச்சிமருந்தோடு சேர்க்கலாமா என்ற கேள்விக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆள்கூலியை நினைத்துச் சேர்ப்பதானால், முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ, படிந்தாலோ, பாட்டில் சூடானாலோ டேங்குக்குள் போகக் கூடாது.

மனிதருக்கும் மாட்டுக்கும்

வயலுக்கு வாங்கிய மூட்டையிலிருந்து எடுத்து யாரும் குடிக்கக் கூடாது. பேதிக்குக் கொடுப்பது மருந்துத் தரத்தில், மருந்துக் கடையில் விற்கும் உப்பு. உரத் தரத்தில் ஈயம் போன்ற கசடுகளுக்கு வேறு அளவுகோல். மருந்துத் தரமேயானாலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உடம்பில் மெக்னீசியம் தங்கி, தசை தளர்ந்து, மூச்சும் இதயத் துடிப்பும் தடுமாறும். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

வெந்நீரில் போட்டுக் காலை வைப்பது பலருக்குப் பிடித்தது. சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்தில் பெரும்பங்கு வெந்நீருடையது. தோல் வழியே மெக்னீசியம் உடம்புக்குள் போகிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. சர்க்கரை நோயாளிகள் இதைச் செய்யவே கூடாது. பாதத்தில் உணர்வு மங்கியிருந்தால் சூடு தெரியாமல் வெந்துபோகும், புண் வந்தால் ஆறாது.

ஆஸ்பத்திரியில் இதே உப்பு உயிர் காக்கும் ஊசி. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி வரும் நிலையில் மெக்னீசியம் சல்பேட்தான் முதல் மருந்து. 2002ல் வெளியான மேக்பை ஆய்வு, இது ஜன்னி வரும் ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று காட்டியது. ஊசி போட்ட பிறகு நர்ஸ் முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், சிறுநீரை அளப்பதும் அளவு மீறவில்லை என்று உறுதிசெய்யத்தான். மீறினால் முறிக்கக் கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே தயாராக இருக்கும்.

மாட்டுக்கு மலக்கட்டு, வயிற்று உப்புசம் என்றால் கால்நடை மருத்துவர் எடை பார்த்து இதைக் கொடுப்பார். சினை மாட்டுக்கும், நீர் வற்றிச் சோர்ந்த மாட்டுக்கும் நாமாகக் கரைத்து ஊற்றுவது ஆபத்து. மூக்கைப் பிடித்து ஊற்றும்போது நுரையீரலுக்குள் போய்விடும் கெடுதலும் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சந்தேகம் உண்டு: ஃபுளோரைடு தண்ணீரை இது சரிசெய்யுமா? செய்யாது. தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை எடுக்கும் நல்கொண்டா முறையில் போடுவது அலுமினியம் சல்பேட்டும் சுண்ணாம்பும். பெயரில் சல்பேட் இருப்பதால் வரும் குழப்பம் அது. எப்சம் உப்பைக் குடிநீரில் போட்டால் தண்ணீர் இன்னும் கடினமாகும், வயிறும் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்ததே இந்த ஃபுளோரைடுக்காகத்தான். குடிக்க அதைப் பிடித்து வையுங்கள்.

சேமிப்பு

வறண்ட காற்றில் திறந்து வைத்தால் படிகம் நீரை இழந்து மேலே வெள்ளை மாவு பூக்கும். கெட்டுப்போகவில்லை, ஆனால் அதே எடையில் சத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மழைக் காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டியாகும், உடைத்துப் பயன்படுத்தலாம். உள்ளே பிளாஸ்டிக் பை வைத்து இறுகக் கட்டி, பலகை மேல் வையுங்கள், சிமெண்டுத் தரையில் நேராக வேண்டாம். சாப்பாட்டு உப்பு, சர்க்கரை வைக்கும் டப்பாக்களில் கொட்டி வைக்கக் கூடாது. பாதி மூட்டையை டப்பாவுக்கு மாற்றினால் லேபிளை வெட்டி உள்ளேயே போட்டு வையுங்கள். பக்கத்து டப்பாவில் ஜிங்க் சல்பேட் இருந்தால் அதற்கும் அப்படியே. ஆறு மாதம் கழித்து எது எது என்று நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை மிச்சம்.